உங்களுக்குத் தெரியுமா? 'கல்லீரல் நொதி' தசையிலிருந்தும் வரும்!

எடை ஏறாத கைக்குழந்தைக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவு கூடியிருந்தால், கோளாறு கல்லீரலில்தான் என்று முடிவுகட்டிவிட முடியாது. இந்த இரு நொதிகளும் தசையிலும் உண்டு.

• டுஷென் தசைச்சிதைவு நோயுள்ள ஆண் குழந்தைகளுக்கு, நடை தடுமாறத் தொடங்குவதற்கு வெகு முன்பே இவை எகிறி நிற்கும். கல்லீரலில் ஊசி செலுத்திச் சதைத்துணுக்கு எடுக்குமுன் சி.பி.கே. என்ற எளிய ரத்தப் பரிசோதனையைச் செய்தால் தசைதான் காரணம் என்பது தெரிந்துவிடும். இதை மறக்கவே கூடாது.

• கோதுமை சேராத சீலியாக் நோயிலும் எடை நின்றுபோகும், நொதி கூடும். பரிசோதனை முடியும்முன் கோதுமையை நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம்.

• ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற மற்றொரு நொதி, குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பே. வளரும் எலும்பு தருவது அது.

• காத்திருக்கக் கூடாத அறிகுறி மலத்தின் நிறம். பிறந்து 2 வாரம் கடந்தும் கண்ணில் மஞ்சள், துணியில் கறைபடியும் சிறுநீர், வெளிறிய களிமண் நிற மலம் என்றால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். ரத்தத்தில் நேரடி பிலிரூபின் அளவை உடனே பார்க்க வேண்டும். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் கூடுதல். இதற்காகவே தைவான், 2004 முதல் நாடு முழுவதும் குழந்தைநலக் கையேட்டோடு மல நிற அட்டையையும் பெற்றோருக்குக் கொடுக்கிறது.