ஜெர்மனியில் கோடை விடுமுறையும் கோட்டை உலாவும்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்க நம் சங்கக் குடும்பங்களிலிருந்து வருஷா வருஷம் சிலராவது கிளம்புகிறார்கள். விசா தொண்ணூறு நாளுக்குக் கிடைக்கிறது. முதல் வாரம் பேரக்குழந்தைகளைக் கொஞ்சுவதில் ஓடிவிடும். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து நாளை எண்ணியவர்கள் பலர். இன்னொரு பக்கம், அங்கே பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏறக்குறைய ஆறு வாரம். தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் மாறி மாறி லீவு எடுத்தாலும் இழுபறிதான். குடும்பமாகச் சேர்ந்திருக்க நாள் மிஞ்சாது. ஆகவே தாத்தா பாட்டி வருவது பாசத்துக்காக மட்டுமல்ல, அந்த ஆறு வாரத்தைச் சமாளிக்கவும்தான். மன்ஹைம் நகரில் மகன் வீட்டில் இரண்டு கோடைகளைக் கழித்தவன் என்ற முறையில், அங்கே விடுமுறை எப்படி நடக்கிறது, கையைக் கடிக்காமல் எங்கெல்லாம் போய்வரலாம் என்று சொல்கிறேன்.

முதலில் தேதி விஷயம். பதினாறு மாநிலங்களுக்கும் ஒரே நாளில் விடுமுறை விட்டால் சாலையும் ரயிலும் தாங்காது என்று, மாநிலவாரியாக முறை வைத்து விடுகிறார்கள். சில மாநிலங்களில் ஜூன் கடைசியிலேயே பள்ளி மூடிவிடும். பவேரியாவும், மன்ஹைம் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க்கும் கடைசி. ஜூலை இறுதியில் தொடங்கி செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டி முடியும். இது தெரியாமல் மே மாதத் தொடக்கத்திலேயே போய் இறங்கினால், விடுமுறை களைகட்டும்போது உங்கள் தொண்ணூறு நாள் தீர்ந்துவிடும். பிள்ளைகளிடம் அவர்கள் மாநிலத்துத் தேதியைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். அதேபோல் விமானக் கட்டணம் மலிவாக இருக்கிறதென்று விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னதாகவே பேரனை அழைத்துக்கொண்டு இந்தியா கிளம்பும் யோசனையும் வேண்டாம். பள்ளிக்குப் போவது அங்கே சட்டக் கட்டாயம், அபராதம் போடுவார்கள்.

ஐரோப்பா என்றால் குளிர் என்று கம்பளியோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 ஜூலை 25 அன்று அங்கே 41.2 டிகிரி பதிவாயிற்று. பெரும்பாலான வீடுகளில் ஏ.சி. கிடையாது, மின்விசிறியும் அபூர்வம். பகலில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சுருள் கதவை இறக்கி இருட்டாக்கிவிட்டு, இரவில் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பதுதான் வழி. வெயில் மிஞ்சினால் பள்ளியையே பாதியில் விட்டுவிடுவார்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். குழந்தைகளைத் தூங்க வைப்பது பாட்டியின் பாடு!

கோடையில் ஊர்க் குழந்தைகளெல்லாம் கூடுகிற இடம் திறந்தவெளி நீச்சல்குளம். ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் நகராட்சியே நடத்துகிறது. பெரிய புல்தரை, மரநிழல், குளத்தோரம் உருளைக்கிழங்கு வறுவல் கடை. காலையில் போனால் மாலைவரை அங்கேயே இருக்கலாம். இதில் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. உடை, சளி, பயம் என்று ஏதாவது காரணம் சொல்லிக் குழந்தையை நீச்சலுக்கு அனுப்பாமல் விடுகிறார்கள். அது சரியல்ல. அங்கே பள்ளியிலேயே நீச்சல் பாடம் உண்டு. நீந்தத் தெரியாத குழந்தை தோழர்களின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில்கூட ஒதுங்கி நிற்க வேண்டிவரும். முதல் படிக்கு ‘கடல் குதிரை’ என்று ஒரு பேட்ஜ் வைத்திருக்கிறார்கள். கரையிலிருந்து குதிக்க வேண்டும், 25 மீட்டர் நீந்த வேண்டும், தோளளவுத் தண்ணீரில் அடியில் கிடக்கும் பொருளைக் கையால் எடுத்து வர வேண்டும். தேறினால் துணிப் பேட்ஜை நீச்சல் உடையில் தைத்துக்கொள்ளலாம். என் பேத்திக்கு அதைத் தைத்துக் கொடுத்தது அவள் பாட்டிதான். வகுப்பில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதால் குளிர்காலத்திலேயே பெயர் கொடுத்து வைப்பது நல்லது.

ஆனால் குளம் வேறு, ஆறு வேறு. ரைன் நதியைக் கரையிலிருந்து பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். நடுவில் பெரிய சரக்குக் கப்பல்கள் ஓயாமல் போகின்றன. ஒரு கப்பல் கடக்கும்போது கரையோரத் தண்ணீர் அதை நோக்கி உள்ளே இழுக்கப்படும். நீர்மட்டம் சட்டென்று இறங்கும். அடுத்த நிமிஷம் அலையாகத் திரும்பி வரும். முழங்கால் ஆழத்தில் விளையாடும் குழந்தையின் காலை வாரிவிட அது போதும். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கல்வரிசைகளை ஒட்டிச் சுழலும் உண்டு. காவிரியில் நீச்சல் பழகிய தைரியத்தில் யாரும் இறங்க வேண்டாம்; பேரக்குழந்தைகளையும் விட வேண்டாம்.

இனி ஊர் சுற்றுவது. ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ என்ற மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது. 2026 ஜனவரி முதல் 63 யூரோ. இது ஒன்று இருந்தால் நாடு முழுவதும் பாசஞ்சர் ரயில், நகர ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் போகலாம். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற விரைவு வண்டிகளில் மட்டும் செல்லாது. இது சந்தா முறை; அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். என்றாவது ஒருநாள் ஐந்து பேராகக் கிளம்பினால் அந்தந்த மாநிலத்து ஒருநாள் சீட்டு கட்டுப்படியாகும்; வேலை நாட்களில் அது காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை.

கோட்டைகளுக்கு வருவோம். ஜெர்மன் மொழியில் ‘பூர்க்’ என்றால் கோட்டை, சண்டைக்குக் கட்டியது; ‘ஷ்லோஸ்’ என்றால் அரண்மனை, வாழ்வதற்கும் காட்டிக்கொள்வதற்கும் கட்டியது. இந்த வித்தியாசம் தெரிந்தால், எங்கே படி ஏற வேண்டும், எங்கே தோட்டத்தில் உட்காரலாம் என்று பெயரிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு ஷ்லோஸ்தான் உத்தமம்.

கோட்டையை அதிகச் சிரமமில்லாமல் பார்க்க மைன்ஸ் நகரிலிருந்து ரைனின் இடது கரை வழியாகக் கோப்லென்ஸ் போகும் பாசஞ்சர் வண்டியில் ஏறி வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டரில் நாற்பது கோட்டைகள்போல வருகின்றன. 2002-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏன் இத்தனை கோட்டை? அந்தக் காலத்தில் ஜெர்மனி ஒரே நாடல்ல. நூற்றுக்கணக்கான சிற்றரசர்களும் பிஷப்புகளும் ஆண்ட துண்டுகள். ஆற்றில் போகும் ஒவ்வொரு சரக்குப் படகிடமும் அவரவர் எல்லையில் சுங்கம் வாங்கினார்கள். விளக்கிச் சொன்னதும் பேரன், “அப்போ இதெல்லாம் டோல்கேட்டா தாத்தா?” என்றான். அதேதான். கௌப் என்ற ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவிலேயே ஒரு டோல்கேட் நிற்கிறது. 1327-இல் கட்டத் தொடங்கியது. 1866 வரை வசூல் நடந்தது. நீரோட்டத்தை எதிர்த்த முனையைக் கப்பல்போலக் கூராக வைத்திருக்கிறார்கள். பனிப்பாளம் மோதினால் பிளந்து போவதற்காக. பாலத் தூணுக்கு நாம் கட்வாட்டர் வைப்பதும் இதே கணக்குதான்.

இந்த ரயில் பாதையும் பார்க்க வேண்டியதே. 1859-இல் கோப்லென்ஸ் வரை முடித்தார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்துப் பாறை; இடையில் பாதைக்கு இடம் பிடித்திருக்கிறார்கள். சுரங்கவாய்கள் சிலவற்றைக் கோட்டை வாசல்போலக் கொத்தளம் வைத்துக் கட்டியிருப்பதைக் கவனியுங்கள்.

இவற்றில் ஒன்றின் உள்ளே மட்டும் போவதென்றால் மார்க்ஸ்பூர்க் போங்கள். மற்றவை இடிந்தவை, அல்லது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய இளவரசர்கள் ஆசைக்குப் புதுப்பித்தவை. மத்திய ரைனில் இடிபடாமல் நின்ற மலைக்கோட்டை இது ஒன்றே. 1900 முதல் கோட்டைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் கையில் இருக்கிறது. வலது கரையில் பிரௌபாக் நிலையத்தில் இறங்கி ஏற வேண்டும். குதிரை ஏறுவதற்காகப் பாறையிலேயே வெட்டிய படிகள் மேடுபள்ளம். நல்ல ஷூ அவசியம். பெரிய சமையலறை, மூலிகைத் தோட்டம், சுவரிலிருந்து வெளியே நீட்டிக் கட்டிய கழிப்பறை எல்லாம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். சித்திரவதைக் கருவிகள் இருக்கும் இடத்தில் சின்னக் குழந்தைகளைக் கொஞ்சம் வேகமாக நகர்த்திக்கொண்டு போங்கள்.

மன்ஹைமிலிருந்து பக்கம் என்றால் ஹைடல்பெர்க். நகர ரயிலில் இருபது நிமிஷம்கூட ஆகாது. 1689-லும் 1693-லும் பிரெஞ்சுப் படை இந்த அரண்மனையைத் தகர்த்தது. செப்பனிட்டு வரும்போது 1764-இல் இடி விழுந்து எரிந்தது. வெடிவைத்துப் பிளந்த ஒரு கோபுரத்தின் பாதி, ஆறு மீட்டருக்கு மேல் கனமான சுவரோடு, துண்டாகவே சரிந்து அகழியில் கிடக்கிறது. கலவை விட்டுக்கொடுக்கவில்லை! 1900-ஐ ஒட்டி, முழுவதையும் திரும்பக் கட்டலாம் என்று பெரிய வாதம் எழுந்தது. கேயோர்க் டேஹியோ என்ற கலை வரலாற்றாசிரியர், இருப்பதைக் காப்பதே நம் வேலை, போனதை இட்டுக்கட்டுவதல்ல என்று 1901-இல் எதிர்த்து எழுதினார். அதற்குள் ஒரு கட்டடத்தைப் புதுப்பித்திருந்தார்கள்; மற்றவற்றைச் சிதைவாகவே நிறுத்திவிட்டார்கள். பழைய பாலங்களைப் பராமரித்தே காலத்தைக் கழித்தவனுக்கு டேஹியோ சொன்னதுதான் சரியென்று படுகிறது. நிலவறையில் 1751-இல் செய்த பீப்பாய் ஒன்று இருக்கிறது. இரண்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் பிடிக்கும். வரியாக வந்த திராட்சை மதுவை எல்லாம் ஒன்றாகக் கொட்டி வைக்க.

மேலே போக நடக்க வேண்டாம். அரண்மனை டிக்கெட்டிலேயே கம்பிவட ரயிலும் அடக்கம். ஒரே கம்பியின் இரு முனையிலும் இரண்டு பெட்டி. ஒன்று இறங்கும் எடை மற்றதை ஏற்ற உதவும். கீழ்ப்பாதை 1890-இல் திறந்தது. மலையுச்சிக்குப் போகும் மேல்பாதை 1907-இல் வந்தது, இன்றும் அந்தக் காலத்து மரப்பெட்டிகளோடு ஓடுகிறது.

திரும்பும் வழியில் மன்ஹைமில் ‘ஸ்பகெட்டி ஐஸ்’ வாங்கிக் கொடுங்கள். 1969-இல் அந்த ஊர் ஐஸ்கிரீம் கடைக்காரர் டாரியோ ஃபோன்டனெல்லா கண்டுபிடித்தது. வெனிலா ஐஸ்கிரீமை அழுத்திப் பிழிந்து, மேலே ஸ்ட்ராபெரி சாறு ஊற்றித் தருகிறார்கள். என் மனைவி பார்த்ததும், “இது இடியாப்பம்னா!” என்றாள்.

எல்லோரும் கேட்கிற நொய்ஷ்வான்ஸ்டைன், பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869-இல் அடிக்கல் நாட்டியது. 2025-இல் அவருடைய மற்ற அரண்மனைகளோடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பார்க்கப் பழங்கோட்டை, உள்ளே இரும்பு உத்திரம், வெந்காற்றுச் சூடேற்றம், எல்லா மாடிக்கும் குழாய்த் தண்ணீர், மின்சார மணி. வெளித்தோற்றத்தை வரைந்து கொடுத்தவர் நாடகத்துக்குத் திரை எழுதும் ஓவியர். மன்னர் அங்கே வாழ்ந்தது 172 நாள்தான். 1886 ஜூனில் இறந்தார். ஆகஸ்டு மாதமே டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார்கள். சிம்மாசன மண்டபத்தில் சிம்மாசனம் வைக்கவே இல்லை.

மன்ஹைமிலிருந்து பாசஞ்சர் வண்டியில் ஒரே நாளில் போய்வருவது நடவாத காரியம். மூனிக்கில் தங்கிக் காலையில் ஃபூஸன் வண்டியைப் பிடித்தால் இரண்டு மணி நேரம், பிறகு பஸ். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். அதில் போட்டிருக்கும் நேரம் தவறினால் அனுமதி இல்லை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனாலும் அவர்களுக்கும் சீட்டு வேண்டும். கீழிருந்து மேலேற அரை மணிக்கு மேல் நடை. தள்ளுவண்டியும் பெரிய முதுகுப்பையும் உள்ளே விடமாட்டார்கள். எலுமிச்சை சாதத்தைக் கீழே ஏரிக்கரையிலேயே முடித்துக்கொண்டு ஏறுவது நல்லது.