காக்காப்பொன்னும் சுதேசியும்

முகப்பூச்சு அற்ப விஷயமென்று எண்ணுவோர் நம்மவரில் அநேகர். 1952-ஆம் வருஷத்தில் 'லாக்மே' என்னும் பெயரில் அலங்காரப் பொருள்களைத் தயாரிக்க முற்பட்ட டாட்டா ஸ்தாபனத்தார் அவ்வாறு எண்ணவில்லை. அந்நிய நாட்டுப் பூச்சுகளுக்காக நம் செல்வம் கப்பலேறுவதைத் தடுக்க வேண்டுமென்ற எண்ணமே அம்முயற்சிக்குத் தூண்டுகோல் என்பர். 'லாக்மே' என்பது லக்ஷ்மி என்னும் நாமத்தின் பிரெஞ்சு உருவம். பணம் நாட்டிலேயே தங்குமாயின் அது சுதேசி என்று அன்று கொண்டனர்.

இன்று இத்தொழிலில் இறங்கும் வாலிபர்களுக்குச் சொந்த ஆலை அவசியமில்லை. பிறர் ஆலையில் தம் சரக்கைச் செய்வித்துக்கொள்ள 2020-ஆம் வருஷத்து அழகுசாதன விதிகள் இடமளிக்கின்றன. ஆலைக்காரர் ஆயத்தமாக வைத்திருக்கும் கலவைகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, வர்ணத்தைச் சிறிது மாற்றி, டப்பியில் பெயரைப் பொறித்துவிட்டால் சரக்கு தயார். சிறுமுதல் உடையோர்க்கு இது பெருஞ்சகாயமே. ஆயினும் டப்பியினுள் இருப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் யார்?

கண்ணிமைப் பூச்சு மினுமினுப்பது பெரும்பாலும் மைக்கா என்னும் காக்காப்பொன்னால். அதனை நுண்ணிய பொடியாக்கி டைட்டானியம் ஆக்ஸைடைப் போர்த்தினால் முத்தின் ஒளி உண்டாகும். இக்கனிமத்துக்குப் பேர்போனவை ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி ஜில்லாக்கள். 1980-ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அங்கே பல சுரங்கங்கள் மூடப்பட்டன, வியாபாரமோ மூடப்படவில்லை. கைவிடப்பட்ட குழிகளில் ஏழைக் குடும்பங்கள் குழந்தைகளுடன் இறங்கித் துணுக்குகளைப் பொறுக்கலாயின. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சுரங்கத்தில் வேலை செய்வதை 1983-ஆம் வருஷத்துச் சட்டத்திருத்தமே விலக்கியிருந்தது. எனினும் அக்குழிகளில் குழந்தைகள் மாண்டதையும், சாவுகள் மறைக்கப்பட்டதையும் 2016-இல் ராய்ட்டர்ஸ் ஸ்தாபனத்தாரின் விசாரணை வெளிப்படுத்திற்று. பொறுக்கிய சரக்கு சில்லறைத் தரகர், கிடங்குக்காரர், ஏற்றுமதியாளர் எனக் கைமாறுகையில் பிறந்த இடம் மறைந்துபோகிறது. டப்பியின் சீட்டில் மைக்கா என்ற சொல் இருக்கும். குழியின் பெயர் இராது.

ஆய்வுசாலையில் செய்யப்படும் செயற்கை மைக்காவை வாங்கிவிட்டால் பாவம் தீருமென்பர் சிலர். அவ்வாறு செய்வோரின் கை சுத்தமாகலாம். கோடர்மாவின் ஏழைக்கோ இருந்த கஞ்சியும் போய்விடும். ஆகவே இது அரைப் பரிகாரமே என்பது நம் அபிப்பிராயம். குழந்தை பள்ளிக்கூடம் செல்லவேண்டுமானால் பெற்றோர்க்கு நியாயமான கூலி கிடைக்கவேண்டும். சரக்கின் வழியைக் கண்டறிதல், கிராமங்களின் வாழ்வை உயர்த்துதல் என்னும் நோக்கங்களுடன் 2017-இல் பன்னாட்டுக் கம்பெனிகள் ஒரு சங்கம் கூட்டின. அப்பொறுப்பு பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியதன்று.

புதிதாய்த் தொழில் தொடங்குவோர் ஆலைக்காரருடன் செய்யும் ஒப்பந்தத்திலேயே மூன்று ஷரத்துக்களைச் சேர்க்கலாம்: சுரங்கமும் இடைத்தரகரும் இன்னாரென எழுத்தில் தெரிவித்தல், நேரில் சென்று பார்க்கும் உரிமை, குழந்தை உழைப்பு கலந்ததாகத் தெரிந்தால் உடனே திருத்துவதும், மறுத்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்வதும். வாய்வார்த்தை இதற்குப் போதாது. இதனால் விலை சிறிது ஏறின், அக்காரணத்தைக் கூறியே விற்கட்டும்.

நம் பணம் நம் நாட்டில் தங்குவது சுதேசியின் முதற்படி மட்டுமே. நம் நாட்டுக் குழந்தையைக் குழியில் இறக்கிப் பெற்ற மினுக்கு, எந்தத் தேசியப் பெயரைத் தாங்கினும் சுதேசியாகாது. வாங்கும் சகோதரிகளும் கடையில் நிறத்தைக் கேட்கும்போதே அதன் பிறப்பிடத்தையும் கேட்பார்களாக.