எஃப்.சி. இருந்தா போதுமா? ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

‘எஃப்.சி. காட்டியாச்சு, இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல.’ வாடகை வண்டி ஓட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால், 2012 ஜூலையில் தாம்பரம் பகுதியில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தபோது, அந்தப் பேருந்துக்கும் எஃப்.சி. இருந்தது.

யாருக்கு, எப்போது?

டாக்ஸி, ஆட்டோ, வேன், பஸ், லாரி என வாடகைக்கு ஓடும் எல்லா வண்டிக்கும் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி. கட்டாயம். புது வண்டிக்கு 2 ஆண்டுகள் செல்லும். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

சொந்த கார், பைக்குக்கு ஆர்.சி. 15 ஆண்டுகள் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போது வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை.

என்ன பார்ப்பாங்க?

ஆர்.சி., இன்சூரன்ஸ், வரி ரசீது, புகைச் சான்று முதலில். அடுத்து பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்குகள், ஹார்ன், வைப்பர், ஒளிரும் ஸ்டிக்கர், வேகக்கட்டுப்பாட்டுக் கருவி. 2012 விபத்துக்குப் பின் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. தளம், படிக்கட்டு, அவசரக் கதவு, தீயணைப்புக் கருவி ஆகியவையும் கோடை விடுமுறையில் சோதிக்கப்படுகின்றன.

தேதி தாண்டிவிட்டால்?

மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவின்படி, எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி, பதிவே இல்லாத வண்டிக்குச் சமம். முதல்முறை சிக்கினால் 5,000 ரூபாய் வரை அபராதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரும்.

மற்ற நாள்களில்?

ஆய்வாளர் பார்ப்பது அன்றைய நிலையை மட்டும்தான். ஆய்வுக்காக இரவல் டயர் மாட்டிப் போனால், மறுநாள் ரோட்டில் ஓடப்போவது பழைய டயர்தான். தினமும் வண்டி எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

* டயர் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆகணும்.
* பிரேக்கை அழுத்திப் பிடிங்க. பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், வண்டியை எடுக்காதீங்க.
* வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருக்கிறதா பாருங்க.
* விளக்கு, இண்டிகேட்டர், ஹார்ன் போட்டுப் பாருங்க.
* வேன், பஸ் என்றால் தளத்தில் துரு, ஓட்டை இருக்கிறதா என்று மேட்டைத் தூக்கிப் பாருங்க.

சம்பளத்துக்கு ஓட்டுபவரா? பழுதைப் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு பதிவாகிவிடும். வாய்வார்த்தையாகச் சொன்னதற்குப் பின்னால் சாட்சி இருக்காது. விபத்து என்று வந்தால் போலீஸ் முதலில் தேடுவது ஓட்டுநரைத்தான்.