அந்த நாலரை மணி நேரம்

1945 ஏப்ரல் 12. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். ஓவியர் ஒருவர் படம் வரைந்துகொண்டிருக்க, அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் ஒரு மணிக்கு மேல் பின்மண்டை பயங்கரமாக வலிக்கிறது என்றார்; அப்படியே சரிந்தார். இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் வந்து பார்த்தபோது ரத்த அழுத்தம் 300/190. மாலை நான்கு மணி ஆவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மூளையில் ரத்தக்கசிவு. வயது 63.

ஊருக்கு அது திடீர் மரணம். மருத்துவக் குறிப்பேட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 1941-லேயே அவருடைய அழுத்தம் 188/105. 1944 மார்ச்சில் புரூயன் முதன்முதலாகப் பரிசோதித்தபோது 186/108, இதயமும் வீங்கியிருந்தது. உப்பையும் சிகரெட்டையும் குறைக்கச் சொன்னார். அழுத்தத்தைப் பொறுத்தவரை அதற்கு மேல் செய்வதற்கு அவரிடம் அதிகம் இல்லை. அழுத்தத்தைக் குறைக்கும் நம்பகமான மாத்திரை அப்போது கிடையாது. அதிபரின் சொந்த மருத்துவரோ, வயதுக்கு ஏற்ற ஆரோக்கியத்துடன்தான் இருக்கிறார் என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவந்தார். வயது ஏறினால் அழுத்தமும் ஏறத்தான் செய்யும் என்பது அந்தக் காலத்து டாக்டர்கள் பலரின் எண்ணம். “ஐம்பதைத் தாண்டினா பிரஷர் யாருக்குத்தான் இல்லை?” என்று இன்றைக்கும் டீக்கடையில் கேட்கும் குரல் அதன் மிச்சம்தான்.

அந்த எண்ணத்தை உடைத்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் நகரம். 1948-இல் அங்கே 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கூடவே தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். உயர் ரத்த அழுத்தம் வயதின் இயல்பல்ல, பக்கவாதத்துக்கு முதல் காரணமே அதுதான் என்பது அந்த ஆய்வில் தெளிவானது. இதயம் தாளம் தப்பித் துடிப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு என்பதும் அங்கிருந்து வந்த செய்தியே. இதயத்துக்குள் தேங்கும் ரத்தம் கட்டியாகி, அங்கிருந்து கிளம்பி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்கிறது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு முப்பது வயதிலேயே இது நேரலாம். சர்க்கரை, புகை, கொழுப்பு ஆகியவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். உப்பைப் பற்றித் தெரிந்தும் ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று வரும்போது மறந்துவிடுகிறோம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. வழக்கமான உப்புக்குப் பதில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கலந்த உப்பைச் சமையலில் போட்ட கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது.)

பக்கவாதத்தில் இரண்டு வகை. ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. நூறில் ஏறக்குறைய 85 பேருக்கு இதுதான். குழாய் வெடித்து ரத்தம் கசிவது மற்றொன்று. ரூஸ்வெல்ட்டுக்கு நடந்தது அது. கசிவில் பெரும்பாலும் தலைவலியும் வாந்தியும் வரும். அடைப்பிலோ பொதுவாக வலியே இருக்காது. சிக்கலே அங்கேதான். நெஞ்சு வலித்தால் நடுராத்திரியிலும் வண்டி பிடிக்கிற குடும்பம், அப்பாவின் கை மரத்துப்போனால் “படுத்த வாக்கு சரியில்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்” என்று காபி போட்டுக் கொடுக்கிறது. அந்தக் காபியே ஆபத்து. விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தானாக இறங்குவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டியதுதான். திடீர்த் தள்ளாட்டம், பொருள் இரண்டாகத் தெரிவது போன்றவை மூளையின் பின்பகுதியில் வரும் அடைப்பின் அடையாளங்கள். பித்தம் என்று தள்ளிவிடுவதால் அதிகம் தவறிப்போவதும் இவைதான்.

ஆஸ்பத்திரியில் முதலில் சர்க்கரையைப் பார்ப்பார்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் கைகால் வராமல் போய், பக்கவாதம் போலவே தோற்றம் காட்டும். அடுத்தது சி.டி. ஸ்கேன். 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையை அந்தக் கருவி படம் எடுக்கும் வரை, உயிரோடு இருப்பவருக்கு வந்தது அடைப்பா கசிவா என்று உறுதியாகச் சொல்வது கடினம். இப்போது சில நிமிட வேலை. கசிந்த ரத்தம் படத்தில் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்திலோ படம் ஏறக்குறைய சாதாரணமாகவே இருக்கும். “ஸ்கேன் நார்மல்” என்று காதில் விழுந்ததும் வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். டாக்டருக்கு அதன் பொருள் வேறு: கசிவு இல்லை, ஊசி போடலாம், சீக்கிரம்.

அந்த ஊசிதான் கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ஊனம் குறைகிறது என்று 1995-இல் நிரூபிக்கப்பட்டது. 2008-இல் அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த டெனெக்டெப்ளேஸ் என்ற மருந்தும் இப்போது புழக்கத்தில் உள்ளது. அந்த 1995 ஆய்வில் மருந்து பெற்ற நூறு பேரில் ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் கையெழுத்துக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் சித்தப்பாவுக்கு ஒரு போன், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு போன். பெரிய குழாய் ஒன்று அடைபட்டுக் கிடக்கும்போது நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். போன் பேச்சின் விலை அது.

பெரிய குழாயில் அடைத்த கட்டிக்கு ஊசி மட்டும் பல நேரம் போதாது. தொடையிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கழுத்து வழியாக மூளை வரை ஏற்றுகிறார்கள். கட்டிக்குள் ஒரு கம்பிவலையை விரித்து, வலையோடு சேர்த்து வெளியே இழுக்கிறார்கள். துணியில் எடுத்து வைத்தால் அரிசிமணி அளவுக்கும் அதைவிடச் சற்று நீளமாகவும் ஒரு கருஞ்சிவப்புத் துணுக்கு. இவ்வளவுதானா என்று தோன்றும். 2015-இல் ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து இந்த முறையின் பலனை உறுதிசெய்தன. சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-இல் தெரிந்தது. ஆனால் இதற்கான வசதி எல்லா ஊரிலும் இல்லை. தங்கள் ஊரில் சி.டி.யும் ஊசியும் இரவிலும் கிடைக்கும் மருத்துவமனை எது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் குடும்பங்கள் மிகக் குறைவு.

தூங்கி எழும்போதே கைகால் வராவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும். இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது சரியாகப் பேசினாரா? இந்தப் பதிலை வைத்தே சிகிச்சை மாறும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் புறா ரத்தம் தடவும் வழக்கமும் இந்த நேரத்தைத் தின்பதோடு சரி. ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு; கசிவாக இருந்தால் நிலைமை மோசமாகும்.

கை விழுந்து பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டால் சாமி காப்பாற்றியது என்று விட்டுவிடுகிறார்கள். மினி ஸ்ட்ரோக் எனப்படும் அது முன்னறிவிப்பு. முழுப் பக்கவாதம் வரும் அபாயம் அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். பிரஷர் நார்மல் என்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் கதையும் இதுவே. நார்மலாக வைத்திருந்ததே அந்த மாத்திரைதான்.

தப்பித்தவர்களுக்கு முதல் மூன்று மாதங்கள் பொன்னானவை. பாதிக்கப்படாத மூளைப்பகுதி இழந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் வேகம் அப்போதுதான் அதிகம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபி செய்பவர் வராத நாட்களில் தூக்கி உட்காரவைப்பது மனைவியோ மகனோதான். அப்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும்.