வெறும் இயந்திரமும் மென்பொருள் வலையமைப்பும்

வவுனியாவை அடுத்த நெளுக்குளம் தன் பெயரிலேயே ஒரு குளத்தைச் சுமந்து நிற்கும் ஊர். வன்னியின் குளத்துப் பாசனத்தில் ஒரு முறை உண்டு. துருசைத் திறப்பவர் தம் விருப்பப்படி திறப்பதில்லை. போகம் தொடங்குமுன் கமக்காரர் கூடி, எவ்வயலுக்கு எந்நாளில் நீர் என்று முடிவு செய்வர். முன்னாளில் அம்முடிவை நிறைவேற்றும் பொறுப்பு வட்டவிதானையாரிடம் இருந்தது. தீர்மானம் பிறப்பது ஓரிடம். நீர் பாய்வது வேறிடம். கணினி வலையமைப்புகள் இவ்வெளிய ஏற்பாட்டை வந்தடைய வெகுகாலம் பிடித்தது.

பழைய வலையமைப்பில் ஒவ்வோர் ஆளியும் தன் வழியைத் தானே தீர்மானித்தது. நூறு ஆளிகள் இருப்பின் நூற்றையும் தனித்தனியே அமைத்தாக வேண்டும். 2008ஆம் ஆண்டில் நிக் மெக்கியோனும் அவருடன் இணைந்த ஆய்வாளரும் ‘ஓப்பன்புளோ’ என்னும் நெறிமுறையை முன்வைத்தனர். முடிவெடுக்கும் அறிவு ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளிடம் சென்றது. ஆளிகள் அது விதித்தபடி தரவுப் பொதிகளைக் கடத்துவனவாயின. மென்பொருளால் வரையறுக்கப்பட்ட வலையமைப்பு என்பது இதுவே.

ஒரே இயந்திரத்துள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் வழக்கம் பரவியபோது இம்முறை செழித்தது. அவ்வியந்திரத்தினுள்ளேயே மென்பொருளாலான ஆளி ஒன்று இருக்கும். ‘ஓப்பன் விசுவிட்ச்’ என்னும் அத்தகைய ஆளி 2012இல் லினக்சின் கருப்பகுதியிலேயே இடம்பெற்றது. 2014இல் ‘விஎக்ஸ்லான்’ முறை ஆவணமாக வெளிவந்தது; அதன் ஆசிரியர் வரிசையில் முதலில் நிற்பது மகாலிங்கம் என்ற பெயர். ஒரு பொதியை மற்றொரு பொதிக்குள் உறையிட்டு அனுப்பும் முறை அது. பழைய முறையில் 4094 பிரிவுகளே இயலும். இதில் ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் மேல்.

ஆயினும் எல்லாச் சேவையகங்களும் மெய்நிகரானவை அல்ல. பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தைப் போன்ற ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மாணவர் பெறுபேறுகளைத் தாங்கும் தரவுத்தளம் முழு வலுவையும் வேண்டுவதால், லினக்ஸ் நேரே நிறுவப்பெற்ற தனி இயந்திரத்தில் அது இயங்கக்கூடும். வாய்க்கால் எட்டாத கிணற்றுக் காணி போன்றது அது. வட்டவிதானையின் சொல் அங்கே செல்லாது.

அதனை இணைக்க மூன்று வழிகள் உண்டு. வாயிற் கணினி ஒன்றை இடையே வைத்தல் எளிது. ஆனால் போக்குவரத்து முழுவதும் அவ்வொரு வாயிலில் நெருக்குண்ணும். சேவையகம் செருகப்பட்டுள்ள ஆளியே உறையிடும் வேலையைச் செய்வது இரண்டாவது. அவ்வாற்றலுள்ள ஆளியை விலைகொடுத்து வாங்க வேண்டும். மூன்றாவது, சேவையகத்திலேயே ஓப்பன் விசுவிட்சை நிறுவிக் கட்டுப்பாட்டு மென்பொருளின் கீழ்க் கொணர்தல். செலவு குறைவு; ஆகவே பலரும் இதனையே நாடுவர்.

இங்கேதான் நிதானம் வேண்டும். மெய்நிகர் கணினிக்குள் கள்வன் புகுந்தாலும் ஆளி அதற்கு வெளியே இருப்பதால் அவன் கை பொதுவாக எட்டாது. வெறும் இயந்திரத்திலோ காவற்காரனும் களவுபோகக்கூடிய பொருளும் ஒரே அறையில் இருக்கின்றனர். நிருவாகியின் அதிகாரத்தைப் பறித்தவன் காவல் விதிகளையும் அழித்துவிடலாம். பெறுபேறு போன்றவற்றுக்கு இரண்டாம் வழியே தக்கது என்பேன். காவல் விதிகள் அப்போது சேவையகத்துக்கு வெளியே, ஆளியிலேயே இருக்கும்.

மூன்றாம் வழியை மேற்கொள்வோர் இரண்டு இடர்களை அறிந்திருத்தல் நன்று. உறையிடுதல் ஒவ்வொரு பொதிக்கும் 50 பைட் கூட்டுகிறது. 1500 பைட் மட்டுமே ஏற்கும் பாதையில் நிறைபொதி நுழையாது. சிறு செய்திகள் போய்ச் சேரும். பெருங்கோப்பு பாதியில் நின்றுவிடும். காரணம் தெரியாமல் நாட்கணக்கில் தேடுவோர் உளர். பாதையின் அளவை 1600 ஆக உயர்த்தினால் தீரும். அல்லது சேவையகத்தில் 1450 ஆகக் குறைத்தாலும் தீரும்.

மற்றது சற்றே நகைப்புக்குரியது. வலையட்டையைப் புதிய ஆளியின் கீழ் மாற்றும் கணத்தில் அதன் முகவரி செயலிழக்கும். தொலைவிலிருந்து அவ்வட்டை வழியாகவே கட்டளையிட்டுக் கொண்டிருப்பவர், நுனிக்கொம்பில் அமர்ந்து அடிக்கொம்பை வெட்டியவராவார். முகவரி மாற்றும் கட்டளையையும் சேர்த்து ஒரே கோப்பில் எழுதி இயக்குதல் வேண்டும். இயலுமாயின் இயந்திரத்தின் முன்னே நேரிற் சென்று அமர்ந்து செய்வதே உத்தமம்.