வெள்ளைச் சுவரும் உப்புச் சுவரும்

காசிமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. இப்படிப்பட்ட கட்டிடத்தைக் கண்டதும் நம் நண்பர்கள், 'ஒரு பகுதிய கேலரி ஆக்கிடலாமே' என்கிறார்கள். ஆக்கலாம். எப்படி என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

நவீன ஓவியத்துக்கு வெள்ளைச் சுவர் வேண்டுமாம். காலம் நுழையாத அந்த வெள்ளை அறை நடுநிலையானதல்ல, அதுவே ஒரு கருத்தியல் என்று பிரையன் ஓ'டோஹர்ட்டி 1976லேயே எழுதிவிட்டார். மும்பையில் 1911இல் எழுந்த காவஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்துக்குள், ரோமி கோஸ்லா அரைவட்டத் தளங்களை அடுக்கிக் கொடுக்க, 1996இல் தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. வெளியே பழைய தோல், உள்ளே புதிய உடல். கெட்டிக்கார வேலைதான். ஆனால் கூட்டங்களும் கச்சேரிகளும் நடந்த மண்டபம் இப்போது முகப்பில் மட்டும்தான் மிச்சம்.

கொச்சியில் வேறு வழி. மிளகும் தேங்காய் எண்ணெயும் வியாபாரம் செய்த ஆஸ்பின்வால் கம்பெனியின் வளாகத்தில் 2012இல் பியனாலே தொடங்கியபோது, காரை உதிர்ந்த சுவர்களை மறைக்கவில்லை. நல்லது. சிதைவே அழகாகிவிட, அங்கே மூட்டை தூக்கிய முதுகு மறந்துபோகிற ஆபத்தும் அதிலேயே உண்டு.

நம் கடலோரச் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். விடும்போது மேலே உப்புப் பூக்கும். சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்னும். ஆகவே பூசக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. படங்களைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நாளைக்குக் கழற்றிவிடக்கூடிய தட்டிகளில் மாட்டணும். காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது; அதற்காகச் சன்னலை அடைக்க வேண்டாம், துணித் திரை போதும். ஏசியைப் பகலில் ஓட்டி ராத்திரியில் நிறுத்துவது, போடாமலே இருப்பதைவிட மோசம். ஈரம் ஏறி இறங்கும்போதுதான் காகிதம் நெளிகிறது.

சுவரைவிடச் சிக்கலானது வாசல். பூர்தியூவும் தார்பெலும் 1966இல் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் பார்வையாளர்களை ஆராய்ந்து சொன்னது: கதவு திறந்திருந்தாலும் படித்தவர்களே உள்ளே வருகிறார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து அன்னக்கூடையோடு வரும் அக்கா, துப்பாக்கி செக்யூரிட்டியைப் பார்த்து 'இன்னாபா, பேங்கா?' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். வரைபடத்தில் முதலில் போட வேண்டியது வரவேற்பு மேசையல்ல. தெருப் பக்கம் திறந்த திண்ணை, குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்குக் கக்கூஸ், கூடையை இறக்கிவைக்க ஒரு நிழல்.