விரல் நுனியும் காலைச் சலமும்

சலரோகம், நீரிழிவு, மதுமேகம் என்று இந்த வருத்தத்துக்குத் தமிழில் உள்ள பெயர்கள் எல்லாமே சலத்தைப் பார்த்து வைத்தவை. சலம் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சீனி வருத்தம் என்று ஊரில் கண்டுகொண்ட காலம் ஒன்று இருந்தது. பிறகு விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தில் சீனியை அளக்கும் கருவி வந்தது. சலத்தைப் பார்க்கும் பழக்கம் பின்னுக்குப் போனது. சீனியைப் பொறுத்தவரை அது நல்ல மாற்றம்தான். இரத்தச் சீனி ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே சலத்தில் சீனி இறங்கத் தொடங்கும் என்பதால், எறும்பு வந்து சொல்லும்வரை காத்திருப்பது காலம் கடந்த வேலை. ஆனால் சீனி வருத்தம் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டதா என்ற கேள்விக்கு விரல் நுனியில் பதில் இல்லை. அதற்கு முதலில் பதில் சொல்வது இன்றும் சலம்தான். அதில் தேட வேண்டியது சீனியை அல்ல, அல்புமின் என்ற புரதத்தை. இலங்கையின் வன்னியில் இந்தக் கேள்வி உரிய நேரத்தில் எழாமல் போவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இங்கே சிறுநீரக வருத்தம் என்றதும் எல்லோருடைய எண்ணமும் கிணற்றுத் தண்ணீருக்குப் போய்விடுகிறது.

அந்த அச்சம் வீணானதென்று யாரும் சொல்ல முடியாது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அனுராதபுரம், பொலனறுவைப் பக்கங்களில் விவசாயிகளைத் தாக்கிவரும், காரணம் இன்னதென்று உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியாவையும் முல்லைத்தீவின் தெற்கு எல்லையையும் தொட்டிருக்கிறது. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடலின் நீர் வற்றுவது என்று பலதும் சந்தேகிக்கப்பட்டன; விவாதம் முடியவில்லை. அதனால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலனில் வாங்கிக் குடிக்கும் குடும்பங்களைக் குறை சொல்ல இடமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு அந்த நோய் என்று வைத்தியர்கள் முடிவு செய்வதற்கு முதல் படியே, அவருக்கு நீரிழிவு இல்லை என்று உறுதி செய்வது. காரணம் தெரிந்தவர்களைக் கழித்த பின் மிஞ்சுபவர்களுக்குத்தான் அந்தப் பெயர். சலரோகம் உள்ளவருக்குக் காரணம் தெரிந்தே இருக்கிறது. அவர் எவ்வளவு சுத்தமான தண்ணீரைக் குடித்தாலும், பத்து வருடம் ஏறிய சீனியும் அடங்காத பிரஷரும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

அந்த வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் சோதனையின் அருமை விளங்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்வடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு நீர் அவற்றின் வழியே வடிந்து, ஒன்றிரண்டு லீற்றர் மட்டும் சலமாக வெளியேறி, மீதி உடலுக்கே திரும்புகிறது. நல்ல வடி அல்புமினை ஏறக்குறைய முழுதாகத் தடுத்து நிறுத்திவிடும். சீனி கூடிய இரத்தம் அந்த வடியை இரண்டு வழியில் கெடுக்கிறது: உள்ளே அழுத்தத்தைக் கூட்டுகிறது, வடிச்சவ்வைத் தடிக்கவைத்து அதன் இறுக்கத்தைக் குலைக்கிறது. முதலில் கசிவது மிகச் சிறிய அளவு. வலி இல்லை, வீக்கம் இல்லை, சலம் வழமைபோலவே போகும். இன்னும் மோசமான விடயம், இந்தத் தொடக்கத்தில் சிறுநீரகம் சிலருக்கு வழமையைவிட அதிகமாகவே வடிக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியற்றினினை இரத்தத்தில் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். கிரியற்றினின் தெளிவாக உயரும் வேளையில் வடிக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். கால் வீங்கி, சாப்பாடு மனத்துக்குப் பிடிக்காமல் போய் வைத்தியசாலைக்கு வருபவர், பல வருடங்கள் கசிந்த பின் வருகிறார்.

சலத்தில் புரதத்தைத் தேடும் பழக்கம் பழையது. இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் றிச்சர்ட் பிறைட் 1827இல், சலத்தைக் கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுடரில் காய்ச்சி, முட்டை வெள்ளைக்கருபோல் அது திரண்டால் சிறுநீரகம் பழுது என்று காட்டினார். ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி திரள்வதற்கு நிறைய அல்புமின் வேண்டும். அதே வைத்தியசாலையில் ஹரி கீனும் உடன் ஆய்வாளரும் 1963இல் மிக நுண்ணிய அளவையும் அளக்கும் முறையைக் கண்டார்கள். அப்படி அளந்த சிறு கசிவுக்குப் பொருள் உண்டா என்ற கேள்விக்கு 1982இல் விபேர்ட்டியும் 1984இல் டென்மார்க்கின் மோகென்சனும் விடை தந்தார்கள்: இன்று சிறிதாகக் கசிபவர்களே பின்னாளில் பெரிதாகக் கசிபவர்கள், அவர்களே மாரடைப்பிலும் முந்திப் போகிறார்கள். நமக்குக் கிட்டிய சான்று சென்னையிலிருந்து 2007இல் வந்தது. அங்கு நீரிழிவு உள்ள நகரவாசிகளை ஆராய்ந்தபோது, முற்றிய நிலையில் புரதம் போனவர்கள் நூற்றுக்கு 2 பேரளவில்தான். தொடக்கநிலைக் கசிவு இருந்தவர்களோ ஏறக்குறைய 27 பேர். சோதனையின் தேவை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது. வெளியே தெரிந்தவர் ஒருவர் என்றால், தெரியாமல் நிற்பவர் பத்துக்கு மேல்.

தெரிந்து என்ன செய்ய என்று கேட்பது நியாயமே. கண்டுபிடித்தும் தடுக்க முடியாத நோய் என்றால் சோதனை கவலையை மட்டும்தான் தரும். இங்கே நிலை அப்படியில்லை. தொடக்கக் கசிவு உள்ள, பிரஷரும் உள்ள 590 நீரிழிவு நோயாளரை வைத்து நடந்த ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. இர்பெசார்ட்டன் என்ற குளிசையை நாளுக்கு 300 மில்லிகிராம் எடுத்தவர்களில், இரண்டு வருடத்தில் முற்றிய நிலைக்குப் போனவர்கள் நூற்றுக்கு 5 பேர். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 15 பேர். நம்முடைய கிளினிக்குகளில் பலருக்குப் பழக்கமான லொசார்ட்டன் அதே குடும்பத்து மருந்து. டென்மார்க்கில் 160 பேரை வைத்து நடந்த ஸ்டெனோ ஆய்வில், தொடக்கக் கசிவு கண்டவர்களுக்குச் சீனி, பிரஷர், கொழுப்பு, புகைத்தல் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கமாகக் கவனித்தபோது, 21 வருட முடிவில் அவர்கள் வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட ஏறக்குறைய எட்டு வருடம் கூட வாழ்ந்திருந்தார்கள். பின்னர் வந்த கனாகிளிப்லோசின், டாபாகிளிப்லோசின் வகை மருந்துகள் இந்த வாய்ப்பை மேலும் கூட்டியுள்ளன. கசிவு நின்று பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. இந்த வாசல் திறந்திருப்பது தொடக்கத்தில்தான்.

அடுத்த மறுப்பு கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வரும்: "சலம் பார்த்தாச்சு, புரதம் இல்லை என்று எழுதியிருக்கு." யூ.எப்.ஆர். என்று நாம் சொல்லும் முழுச் சலப் பரிசோதனையிலும் சோதனைத் தாளிலும் புரதம் தெரிவதற்குக் கணிசமான அளவு கசிய வேண்டும். தொடக்கக் கசிவு அந்த வலையின் கண்களுக்குள்ளால் போய்விடும். கேட்க வேண்டிய சோதனை, சலத்தில் அல்புமினுக்கும் கிரியற்றினினுக்கும் உள்ள விகிதம். ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் சரி. 30 முதல் 300 வரை தொடக்கக் கசிவு. அதற்கு மேல் முற்றிய கசிவு. விகிதமாகப் பார்ப்பதற்குக் காரணம், வயலில் வியர்த்துவிட்டு வருபவரின் சலம் கெட்டியாகவும் நிறையத் தண்ணீர் குடித்தவரின் சலம் நீர்த்தும் இருக்கும் என்பதே. கிரியற்றினினோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாடு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். முதிர்ந்த வயதில் வரும் வகை என்றால் நீரிழிவு கண்ட அன்றே ஒருமுறையும் பின்னர் வருடத்துக்கு ஒருமுறையும், இன்சுலினோடு இளமையில் தொடங்கும் வகை என்றால் ஐந்து வருடத்தின் பின் வருடாவருடமும் இதைப் பார்க்க வேண்டும். ஒரே முடிவை வைத்துக் கலங்கவும் கூடாது. காய்ச்சல், சலக்கிருமி, மாதவிடாய், கட்டுக்கடங்காத சீனி, முந்திய நாள் மண்வெட்டி பிடித்த கடும் வேலை எல்லாம் அல்புமினைத் தற்காலிகமாகக் கூட்டும். நெடுந்தூரம் சைக்கிள் மிதித்துக் கிளினிக்குக்கு வந்து அங்கே சலம் கொடுப்பவரின் எண் தப்பாகக் கூடிப்போகலாம். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சலமே நம்பகமானது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவையில் இரண்டு தடவை கூடியிருந்தால்தான் கசிவு என்று உறுதி.

வன்னியில் மட்டுமல்ல, தமிழர் வாழும் எங்கும் கேட்கும் இன்னொரு பேச்சு, "குளிசைதான் சிறுநீரகத்தைப் பழுதாக்குது" என்பது. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அது எங்கிருந்து வருகிறதென்று பார்ப்பது நல்லது. சிறுநீரகம் பழுதானவர்கள் எல்லோரும் பல வருடம் குளிசை எடுத்தவர்களாகவே இருப்பதை ஊர் பார்க்கிறது. வருத்தம் செய்ததை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. மெற்போமின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் தளர்ந்த பின் அதன் அளவைக் குறைத்து, ஒரு கட்டத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவே. உண்மையில் பயப்பட வேண்டியது, மூட்டு நோவுக்கும் முதுகு நோவுக்கும் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோபெனாக் போன்ற குளிசைகளுக்கு. லொசார்ட்டன் தொடங்கியதும் ஓரிரு கிழமையில் கிரியற்றினினையும் பொற்றாசியத்தையும் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை. கிரியற்றினின் சிறிது ஏறுவது அந்த மருந்தின் இயல்பு. அதைக் கண்டு மருந்தைத் தாமாகவே விட்டுவிடுபவர்கள்தான் இழக்கிறார்கள்.

செலவைப் பற்றிய மறுப்பு மிகவும் கனமானது. துணுக்காயிலிருந்தோ பூநகரியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வருபவருக்கு, இன்னொரு சோதனை என்பது இன்னொரு பயணம். சோதனையே வேண்டாம், நீரிழிவு உள்ள எல்லோருக்கும் லொசார்ட்டனைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். பிரஷர் உள்ளவருக்கு அது எப்படியும் கிடைக்கும். பிரஷரும் கசிவும் இல்லாத, இளமையில் தொடங்கும் வகை நீரிழிவுள்ளோருக்கு இவ்வகை மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. சிறுநீரகத்துக்கு அதனால் பயன் கிட்டவில்லை. யாருக்கு வேண்டும் என்று தெரிந்து கொடுப்பதற்கே சோதனை. ஏழைக் கிராமத்தில் இது நடக்குமா என்ற ஐயத்துக்குச் சென்னையின் சிறுநீரக வைத்தியர் எம்.கே. மணி செய்துகாட்டிய வேலை பதில் சொல்கிறது. 1990களின் பிற்பகுதியில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு வெளியே ஏறக்குறைய 25,000 பேர் வாழும் கிராமங்களில், பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார். அவர்கள் பிரஷர் அளந்தார்கள். சலத்தில் ஒரு அமிலத்தைச் சேர்த்துக் கலங்குகிறதா என்று பார்த்துப் புரதத்தைக் கண்டார்கள். வருத்தம் காணப்பட்டவர்களுக்கு மிக மலிவான மருந்துகளே கொடுக்கப்பட்டன. ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஆன செலவு அமெரிக்கக் கணக்கில் அரை டொலருக்கும் குறைவு. அந்த அமிலச் சோதனை தொடக்கக் கசிவைப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனாலும் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டிய குருதிச் சுத்திகரிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது செலவு என்று தெரிந்துவிடும். அரச வைத்தியசாலையில் சுத்திகரிப்பு இலவசம் என்றாலும் போக்குவரத்தும் இழந்த கூலியும் இலவசமில்லை.

இவ்வளவு சொன்ன பின், இந்தச் சோதனையால் முடியாததையும் சொல்ல வேண்டும். வன்னியில் அதற்குத் தனி அழுத்தம் உண்டு. காரணம் அறியப்படாத அந்த நோய் வடியை விட்டு அதற்கு அப்பாலுள்ள நுண்குழாய்களைத் தாக்குவதால், அதில் அல்புமின் அதிகம் கசிவதில்லை. நீரிழிவிலும்கூட, சிறுநீரகம் தளர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முன்னதாகக் கசிவே இருக்கவில்லை என்று பிரித்தானியாவில் நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. செட்டிகுளத்திலோ நெடுங்கேணியிலோ உள்ள சலரோகக்காரர் இரண்டு ஆபத்துக்கும் நடுவில் வாழ்பவர். அவருக்கு விகிதச் சோதனையோடு இரத்தக் கிரியற்றினினும் அதிலிருந்து கணக்கிடும் வடிதிறனும் சேர்த்தே பார்க்க வேண்டும்; ஒன்று நல்லது என்பதற்காக மற்றதை விட முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. 2009 வரை நீண்ட போரில் காலோ கையோ இழந்தவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களும் இப்போது சீனி வருத்தம் வரும் வயதை அடைகிறார்கள். தசை குறைந்த உடலில் இரத்தக் கிரியற்றினின் இயல்பாகவே குறைவாக இருக்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் தாளில் உள்ள எண் நல்லதாகத் தெரியும். சலத்திலோ எதிர்மாறு: வகுக்கும் எண் குறைவதால் விகிதம் உள்ளதைவிடக் கூடிக் காட்டலாம். மெலிந்த வயோதிபர்களுக்கும் இது பொருந்தும். பொய்க்கால் பூட்டியிருப்பதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால் தவறிப்போகும். தேவையானால் தசையைச் சாராத சிஸ்டற்றின் சி சோதனையை வைத்தியர் கேட்கலாம்.

இதற்கெல்லாம் புதிய பழக்கம் ஒன்றை ஊருக்குள் கொண்டுவர வேண்டும் என்று நினைப்பவர்கள் தாய் சேய் கிளினிக்கைப் பார்க்கலாம். அங்கே கர்ப்பிணிகளின் சலம் அல்புமினுக்காகவும் சீனிக்காகவும் வழமையாகப் பார்க்கப்படுகிறது. சிறிய போத்தலில் காலைச் சலத்தைக் கொண்டுபோவதில் வெட்கமும் இல்லை, ஏன் என்ற கேள்வியும் இல்லை. குடும்பநல மாது கேட்பார், கொடுப்பார்கள், முடிவு பதிவேட்டில் ஏறும். பிள்ளை பிறந்ததோடு அந்தப் போத்தல் கைவிடப்படுகிறது. இருபது வருடம் கழித்து அதே பெண் சீனிக் கிளினிக்கின் வரிசையில் நிற்கும்போது, அவர் கொப்பியில் சீனியின் எண்ணுக்குப் பக்கத்தில் அல்புமின் விகிதத்துக்கும் கிரியற்றினினுக்கும் இரண்டு கட்டம் வரைந்து, வருடத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். போத்தலை எப்படிக் கொண்டுபோவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.